கேப்பர் மலையில் ஷெனின் பிளாங்: மூன்று ரிப்பன், ஒரு குளோன்

கடலூர் வெயிலில் ஒயின் திராட்சையா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒயின் போடுவதற்காக இதைச் செய்யவில்லை. அதற்கு லைசென்ஸ், கலால் துறை என்று ஆயிரத்தெட்டு சமாச்சாரம் இருக்கிறது, எனக்கு அந்த வம்பே வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். ஒரே ரகம், ஒரே நர்சரியில் வாங்கியது, ஒரே வரிசையில் நட்டது, அப்படியும் ஒரு கொடி மட்டும் தனித்துத் தெரிகிறது என்றால் அந்த வித்தியாசம் கொடிக்குள் இருக்கிறதா, இல்லை அது நிற்கும் இடத்தில் இருக்கிறதா?

கிளப்பிவிட்டது என் மச்சான். நாசிக் பக்கம் திண்டோரியில் ஒரு ஒயின் திராட்சைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறான். அங்கே ஷெனின் பிளாங் என்ற வெள்ளை ரகம் நிறைய உண்டு. பிரான்சில் லோயர் ஆற்றுப் பக்கத்து ரகம் அது. தென்னாப்பிரிக்காவுக்குப் போய் அங்கே ஸ்டீன் என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, இன்று அந்த நாட்டில் மற்ற எல்லா ஒயின் ரகங்களையும்விட அதிகப் பரப்பில் நிற்கிறது. சூடு தாங்கும், புளிப்பை ஓரளவு விட்டுக்கொடுக்காது. இதில் தலைவலி கொத்துதான். காய்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும், பழுக்கிற நேரத்தில் ஒரு மழை பெய்தால் நடுவில் இருக்கும் பழம் நசுங்கி வெடித்து உள்ளேயிருந்து அழுகல் கிளம்பும், வெளியிலிருந்து பார்த்தால் கொத்து அழகாகவே இருக்கும்.

மச்சான் ஒரு அறுவடையின்போது போன் பண்ணி, "மாமா, இங்க மூணு கொடி மத்ததோட ஒட்டவே மாட்டேங்குது, ரிப்பன் கட்டி வச்சிருக்கேன்" என்றான். மஞ்சள் ரிப்பன் கொடியில் கொத்து தளர்வாக இருந்தது. சிவப்பு ரிப்பன் கொடியில் காய் சின்னது, ஆனால் இனிப்பு தூக்கல். நீல ரிப்பன் கொடி மற்றவை பறித்து முடித்த பிறகும் பச்சையாக நின்றது. பறிப்பு ஆட்கள் அதற்குச் சோம்பேறி என்றே பெயர் வைத்துவிட்டார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று விசேஷம் எதுவும் இல்லாத ஒரு சாதாரணக் கொடிக்கும் வெள்ளை ரிப்பன் கட்டச் சொன்னேன். அந்தத் தோட்டத்து முதலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் குச்சி எடுத்தோம்.

நட்டது கேப்பர் மலை மேல், மாமனாரின் முந்திரித் தோப்பு ஓரத்தில். செம்மண், கீழே போகப்போகச் சரளை, எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது. போர் தண்ணீரும் பரவாயில்லை, கீழே கடலோரத்து ஊர்களில் வருகிற உப்பு இங்கே இல்லை. மாமனாருக்கு இந்தத் திட்டத்தின் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. "நல்லாக் காய்க்கிற கொடியில குச்சி எடுத்து ஒட்டுக் கட்டினா வேலை முடிஞ்சுது மாப்ளே, இதுக்குப் போய் எதுக்கு இத்தனை நோட்டு?" என்றார். முந்திரிக்காரர் அப்படித்தான் கேட்பார், அவர் கேட்டதில் தப்பும் இல்லை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ.3 முந்திரியும் சரி, பாலூர் நிலையத்தின் பி.எல்.ஆர்.1 பலாவும் சரி, நல்ல மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து ஒட்டுக் கட்டிப் பெருக்கியவைதான்.

ஆனால் அங்கே நடப்பது வேறு. முந்திரியோ பலாவோ கொட்டையிலிருந்து முளைத்த மரங்கள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பிறவி. நூறு மரத்தில் ஒன்று கொட்டோ கொட்டென்று காய்த்தால் அது பெரும்பாலும் அந்த மரத்தின் பிறவிக் குணமாகவே இருக்கும். திராட்சை அப்படி இல்லை. குச்சியிலிருந்து குச்சி, அதிலிருந்து இன்னொரு குச்சி என்று நூற்றாண்டுக் கணக்காக வருவதால் உலகத்தில் இருக்கும் எல்லா ஷெனின் பிளாங்கும் ஒரு வகையில் ஒரே கொடிதான். இடையில் எங்கோ ஒரு மொட்டில் தானாக ஒரு சின்ன மாற்றம் விழுந்து, அந்த மொட்டிலிருந்து வந்த கிளையை யாராவது கவனித்துக் குச்சி எடுத்துப் பெருக்கினால்தான் அது தனிக் குளோன். நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. தாம்சன் சீட்லெஸ் கொடியிலிருந்து சாங்லி மாவட்டம் தாஸ்காவ் பக்கம் கிடைத்ததுதான் தாஸ்-ஏ-கணேஷ். நீளக் காயுள்ள சோனாக்கா சோலாப்பூர் விவசாயி ஒருவர் அதே தாம்சனில் கண்டுபிடித்தது. பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களின் கண்ணில் பட்டவை இவை.

இவ்வளவு சின்ன மாற்றத்தைத் தேடும்போது மண், வேர், நிழல், நோய் எல்லாம் சேர்ந்து அதைவிடப் பெரிய வித்தியாசத்தைக் காட்டி நம்மை ஏமாற்றும். இதை முறையாகச் செய்ய ஆரம்பித்தது ஜெர்மனியில், 1876இல், ஃபால்ஸ் பகுதியில் குஸ்டாவ் ஃப்ரோலிஷ் என்பவர். அவர் எடுத்துக்கொண்டதும் ஒரு வெள்ளை ஒயின் ரகம்தான், சில்வானர். நல்ல கொடியைக் குறித்து வைத்து, அதன் பிள்ளைகளைத் தனித்தனி வரிசையாக நட்டு, வரிசைக்கு வரிசை ஒப்பிட்டார். பிரான்சில் 1962 முதல் இதற்கென்றே ஒரு நிலையம், மத்தியதரைக் கடலோரம் எஸ்பிகெட் என்ற மணல் பூமியில் நடக்கிறது. மணலில் ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பேன் பிழைக்காது, தாய்க்கொடிகளுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு இல்லை. சார்டொனே ரகத்தில் 76, 95, 96 என்றெல்லாம் எண் போட்டு விற்கிறார்களே, அந்த எண்கள் இந்தப் பிரெஞ்சு ஏற்பாட்டில் பரிசோதனை முடித்து வெளியே வந்தவை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

2022 மாசியில், மேலே குச்சியை ஒட்டுவதற்காக, டாக்ரிட்ஜ் என்ற திராட்சை வேர்ச்செடிகளை நட்டேன். மகாராஷ்டிரத்தில் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துகிற வேர் இதுதான். வறட்சி, உப்பு, நூற்புழு எல்லாவற்றுக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், என்ன, வளர்ச்சிதான் முரட்டு வளர்ச்சி. நான்கு ரிப்பனுக்கும் ஒரே வேர் கொடுத்ததற்குக் காரணம், வேரால் வரும் வித்தியாசத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது. பந்தலுக்கு நான்கு மூலையிலும் கல்தூண், நடுவில் தார் பூசிய சவுக்குக் கம்பு. எங்கள் பக்கம் சவுக்குக்குப் பஞ்சமா என்ன. மேலே ஜி.ஐ. கம்பி.

எந்த இடத்தில் எந்த ரிப்பன் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டேன். இது எல்லாருக்கும் சிரிப்பாக இருந்தது, ஆனால் இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான். கிழக்குக் கோடியில் காலை வெயில் நேராக விழும், மேற்கில் முந்திரி நிழல், போர் பக்கம் எப்போதும் கொஞ்சம் ஈரம். மஞ்சளை எல்லாம் கிழக்கிலும் நீலத்தை எல்லாம் மேற்கிலும் நட்டுவிட்டால் அப்புறம் குளோனைப் பார்க்கிறோமா நிழலைப் பார்க்கிறோமா என்று யாராலும் சொல்ல முடியாது.

செப்டம்பரில் நாசிக்கில் காய்ப்புக் கவாத்து, அதாவது காய் பிடிப்பதற்காகக் கிளைகளை வெட்டிவிடுவது, நடக்கும், அப்போது வெட்டிய முற்றின குச்சிகளை மச்சான் ஈரச் சாக்கில் சுற்றி, வெளியே பாலித்தீன் போட்டு, ஊருக்கு வருகிறபோது ரயிலில் கொண்டுவந்தான். பென்சில் பருமன் இருந்தால் போதும், அதற்கு மேல் தடிமனாக இருப்பது ஒட்டுக்கு ஆகாது. கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்கி எடுத்து நிழலில் உலர்த்தி, அன்றே ஒட்டினேன்.

ஆப்பு ஒட்டுதான். வேர்ச்செடியைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நேராக வெட்டி, நடுவில் கத்தியை வைத்து இரண்டு விரற்கடை பிளக்க வேண்டும். இரண்டு மொட்டுள்ள குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சரிவாகச் சீவி ஆப்பாக்கி உள்ளே இறக்க வேண்டும். சீவும்போது கத்தியை ஒரே இழுப்பில் இழுக்கணும், இரண்டாவது தடவை திருத்தினால் பரப்பு அலை அலையாகிவிடும், நடுவில் காற்று நிற்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு பச்சை வரி தெரியும் பாருங்கள், அந்த வரியும் வேர்ச்செடியின் பச்சை வரியும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் உட்கார வேண்டும். குச்சி மெல்லியதாக இருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவது உத்தமம். அப்புறம் ஒட்டு நாடாவால் கீழிருந்து மேலே இறுக்கிச் சுற்றி, குச்சியின் தலையில் மெழுகு. பிடித்ததா இல்லையா என்பது மொட்டு வீங்குவதை வைத்துத் தெரியாது, குச்சியில் இருக்கும் சத்திலேயே ஒரு இலை விட்டு ஏமாற்றும். இரண்டாவது மூன்றாவது இலை விரிந்தால்தான் நம்பலாம். கீழே டாக்ரிட்ஜ் விடுகிற துளிரை வாராவாரம் கிள்ளாவிட்டால் அதுதான் பந்தலேறும்.

கவாத்துக் காலத்தை நாசிக்கைப் பார்த்து வைக்க முடியாது. அங்கே செப்டம்பர், அக்டோபரில் காய்ப்புக் கவாத்து என்றால் இங்கே அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை கண்ணைத் திறக்கும். பூ வரும் நேரம் அடைமழையில் மாட்டும், அடிச்சாம்பல் நோய்க்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் காய்ப்புக் கவாத்தை டிசம்பர் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். பழம் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் வரும், கத்திரி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இதற்குக் கொடுக்கும் விலை புளிப்பு. ராத்திரியும் புழுக்கமாக இருப்பதால் புளிப்பைத் தருகிற மாலிக் அமிலம் மளமளவென்று எரிந்துபோகும், நாசிக் குளிரில் கிடைக்கிற அந்தச் சுருக்கென்ற புளிப்பு இங்கே வராது. ஒயின்காரர்கள் இந்தப் பழத்தை மோந்துகூடப் பார்க்க மாட்டார்கள். என் கேள்விக்கு அது பிரச்சினை இல்லை, நான்கு ரிப்பனுக்கும் ஒரே புழுக்கம்தானே. பறித்த பிறகு ஒரு மொட்டு விட்டு வளர்ச்சிக் கவாத்து, அதற்கு அப்புறம் ஒன்றரை இரண்டு மாதத்துக்குள் மொட்டுக்குள்ளே அடுத்த பூங்கொத்து உருவாகிவிடும், அந்தக் காலத்தில் குச்சியில் வெயில் படணும், இலையை நெருக்க விடக் கூடாது.

2024 ஏப்ரலில் முதல் காய்ப்பு. இளங்கொடிக் கொத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது என்றாலும் மஞ்சள் ரிப்பன் அப்போதே தனியாகத் தெரிந்தது. தளர்வைக் கண்ணால் மதிப்பிடாமல் கையால் பார்த்தேன். கொத்தின் காம்பையும் நுனியையும் இரண்டு கையில் பிடித்து மெல்ல வளைக்க வேண்டும். நெருக்கமான கொத்து கொஞ்சம்கூட வளையாது, அழுத்தினால் காய் நசுங்கிக் கையெல்லாம் சாறு. தளர்ந்த கொத்து மடங்கி வரும். வெள்ளை ரிப்பன் கொத்து கட்டை மாதிரி விறைத்து நின்றது, மஞ்சள் நன்றாகவே வளைந்தது. இதை ஒவ்வொரு கொடியிலும், சீட்டில் விழுந்த ஒவ்வொரு இடத்திலும் பார்த்தேன். முந்திரி நிழலில் நின்ற மஞ்சளும் அப்படியே.

இதிலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. பூக்கும்போது மகரந்தம் சரியாகச் சேராமல் பிஞ்சு உதிர்ந்தாலும் கொத்து தளர்வாகத்தான் தெரியும். சார்டொனேயில் மென்டோசா என்று ஒரு குளோன் உண்டு, ஒரே கொத்தில் பெரிய காயும் மிளகு அளவு விதையில்லாக் காயும் கலந்து வரும், அதற்காகவே அதை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். மஞ்சள் அந்த ரகமா என்று பார்க்கக் கொத்துகளை உதிர்த்துக் காய்களைத் தட்டில் பரப்பினேன். சின்னக் காய் ஒன்றிரண்டுதான், வெள்ளை ரிப்பனில் இருந்த அதே அளவு. காய் எண்ணிக்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நடுக்காம்பை ஸ்கேலில் வைத்தபோது விஷயம் புலப்பட்டது: காம்பு நீளம், காய்க்குக் காய் இடைவெளி அதிகம். உதிர்ந்ததால் வந்த தளர்வு இல்லை அது, எலும்புக்கூடே அப்படி.

சிவப்பு ரிப்பன்தான் சப்பென்று போனது. சின்னக் காய், இனிப்பு தூக்கல் என்றார்களே, இங்கே டாக்ரிட்ஜ் வேரில் ஏறியதும் காய் வெள்ளை ரிப்பன் காயோடு கலந்து வைத்தால் பிரிக்க முடியாத அளவுக்கு ஒன்றாகிவிட்டது. மச்சானிடம் அந்தத் தாய்க்கொடி நிற்கும் இடத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். வரிசையின் கடைசி, கீழே பாறை, சொட்டுநீர்க் குழாயின் கடைசி எமிட்டர். தாகத்தில் சுருங்கிய காயைத்தான் குணம் என்று நினைத்து ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார், அப்புறம் அவரே போய் முந்திரித் தோப்பில் வேலியோர மரம் ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழை எங்கள் பக்கத்தையும் விடவில்லை, கீழே தென்பெண்ணை கரை புரண்டு ஊரையே மூழ்கடித்தது. மலை மேல் தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் சவுக்குக் கம்புகள் சாய்ந்து பந்தலின் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. நிமிர்த்திக் கட்டுவதற்குள் இலைகளுக்கு மேலே எண்ணெய்ப் புள்ளி, அடியில் வெள்ளைப் பஞ்சு, அடிச்சாம்பல். நான்கு ரிப்பனிலும் ஒரே மாதிரி. எந்தக் குளோனாவது தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க நல்ல வாய்ப்புதான், ஒன்றும் பிடிக்கவில்லை. ஐரோப்பியத் திராட்சை இனத்துக்கு இந்த நோய் அமெரிக்காவிலிருந்து போன புதுச் சரக்கு, அதனால் குளோன் மாற்றி இதிலிருந்து தப்பிக்க நினைப்பது வீண்.

அதற்கு மருந்தாகப் போர்டோ கலவை போட்டேன். மயில்துத்தம் 100 கிராமை 5 லிட்டரிலும் சுண்ணாம்பு 100 கிராமை 5 லிட்டரிலும் தனித்தனியாக பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். தேய்த்துத் துடைத்த இரும்புக் கத்தியைச் சற்று நேரம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.

இனி நீல ரிப்பன், சோம்பேறி. 2025 ஏப்ரலில், சாற்றின் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வெள்ளையும் மஞ்சளும் பிரிக்ஸ் 19ஐ ஒட்டி நின்ற அதே காலையில் நீலம் 15, 16ஐத் தாண்டவில்லை. எல்லா இடத்திலும் அப்படியே, வேர் மாற்றியும் அப்படியே. பார்க்கிற யாரும் இது தாமதமாகப் பழுக்கும் குளோன் என்று அடித்துச் சொல்வார்கள், ஏப்ரலுக்குப் பதில் மே நடுவில் பழம் வேண்டும் என்பவருக்கு இது வரப்பிரசாதம் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு முதல் காய்ப்பின்போதே உறுத்தியது இலை. அடி இலைகளின் விளிம்பு லேசாகக் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது, நரம்புக்கு நடுவே மங்கலான மஞ்சள். இலைச்சுருள் வைரஸ் என்றால் இப்படித்தான் இருக்கும், பழுப்பதைத் தள்ளிப்போடும், இனிப்பைக் குறைக்கும், குச்சி வழியாகப் பிள்ளைக்கும் போகும், அதனால் பார்வைக்குப் பரம்பரைக் குணம் மாதிரியே நடிக்கும். கறுப்பு ரகமாக இருந்தால் இலை செக்கச்செவேல் என்று சிவந்து தானே காட்டிக்கொடுத்துவிடும், வெள்ளை ரகத்தில் சத்துக் குறைவு என்று நினைத்து மக்னீசியம் தெளித்துக்கொண்டு இருப்போம்.

ஆய்வுக்கூடத்தில் எலைசா, ஆர்.டி.பி.சி.ஆர். என்று டெஸ்ட் இருக்கிறது. நான் செய்தது பழைய முறை. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, கறுப்பு ரகச் செடியில் சந்தேகக் கொடியின் மொட்டை ஒட்டிவிட்டு இலையைக் கவனிப்பது. கேபர்னே ஃப்ராங்க் என்ற ரகம்தான் இதற்கு வழக்கமாகப் பயன்படுவது, எனக்குக் கிடைத்தது கேபர்னே சாவிஞோன். வேர் விட்ட குச்சிகளைத் தனித்தனித் தொட்டியில், பந்தலிலிருந்து விலகி, கொசுவலைக்குள் வைத்தேன். முதல் காய்ப்பு முடிந்த உடனேயே சிலவற்றில் நீலத்தின் மொட்டு, சிலவற்றில் வெள்ளையின் மொட்டு, மீதியில் எதுவும் இல்லை. மொட்டு முளைக்க வேண்டும் என்றுகூட இல்லை, சதை ஒட்டினாலே வைரஸ் இறங்கிவிடும். அடுத்த கோடையில் நீலம் ஒட்டிய தொட்டிகளில் மட்டும் அடி இலைகள் நரம்பு பச்சையாக, நடுவில் ஒயின் சிவப்பாக, விளிம்பு சுருண்டு நின்றன. மற்ற இரண்டு வகைத் தொட்டியிலும் ஒன்றுமில்லை. சோம்பேறிக் குளோன் என்று ஒன்று இல்லவே இல்லை, காய்ச்சல்கார ஷெனின் பிளாங்தான் அது.

நீலக் கொடிகளை வேரோடு தோண்டி எரித்தாயிற்று. வேர்த்துண்டு மண்ணில் கிடந்தால் அதிலும் வைரஸ் உயிரோடு இருக்கும், அதைக் குடித்த மாவுப்பூச்சி பக்கத்துக் கொடிக்குக் கொண்டுபோகும். கவாத்துக் கத்தரியால் இது பரவாது, மாவுப்பூச்சிதான் ஆள். அதனால் மற்ற கொடிகளின் உரிந்த பட்டையைச் சுரண்டி எடுத்து, எறும்பு ஏறாமல் தண்டில் பசைப்பட்டை சுற்றி, மாவுப்பூச்சி தங்குகிற வேலியோரச் செம்பருத்தியை மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெட்டினேன். மஞ்சளில் இருந்தும் மொட்டு எடுத்துப் புதுக் கேபர்னே தொட்டிகளில் ஒட்டியிருக்கிறேன்; 2026 கோடையில் அதன் இலை பச்சையாகவே இருந்தால் செப்டம்பரில் காலி இடங்களில் மஞ்சள் ஏறும். மச்சானுக்கும் குச்சி அப்போதுதான், அதற்கு முன்னால் கேட்டாலும் தருவதாக இல்லை. சிவப்பை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன், வெள்ளையோடு சேர்த்து அதையும் சாதாரணம் என்ற கணக்கிலேயே எழுதிக்கொள்கிறேன்.